கணினியும் நம் சிறார் கைப்பழக்கமும்

(வெள்ளகோவிலில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உயர்நிலைப் பள்ளிச் சிறார்க்குக் கணினிப் பயிற்சி அளிப்பது பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். இத்துறையில் நாம் பண்டிதரல்லோம். ஆயினும் நம் இல்லத்துப் பிள்ளைகள் படும் பாட்டை அருகிருந்து கண்டவராதலின், கண்டதைச் சொல்லத் துணிந்தோம்.

முதற்கண் நம்மவர் இல்லமொன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். அவ்வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நன்மதிப்பெண் பெற்றுத் தேறினாள். பொறியியற் கல்லூரிக் கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணையவழியே நடைபெற்று வருவதை யாவரும் அறிவீர். கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் விருப்ப வரிசைப்படி மாணவரே பட்டியலிட்டுக் குறித்த நாளுக்குள் உறுதி செய்தல் வேண்டும். அப்பெண்ணோ அதற்குமுன் கணினியின் எதிரே அமர்ந்து ஒரு வரியும் எழுதியவளல்லள். தந்தையார் அவளை ஒரு கணினிக் கடைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கூட்டம் மிகுதி. கடையிலிருந்த இளைஞர் தம் மின்னஞ்சலையே கொடுத்துக் கணக்கைத் திறந்தார். கடவுச்சொல்லும் அவரிடமே தங்கிற்று. இவள் தாளில் எழுதித் தந்த வரிசையில் மூன்றாவதாக இருந்தது முதலாவதாக ஏறிவிட்டது. பிழையை உணர்ந்து திருத்தச் சென்றபோது கடை பூட்டியிருந்தது. தவணையும் அன்றோடு முடிந்தது. இன்று அவள் படிப்பது அவள் விரும்பிய பிரிவன்று. கடைக்காரரைக் குறை கூறுவதில் நமக்கு விருப்பமில்லை. பன்னிரண்டு ஆண்டு பள்ளிக்குச் சென்ற பெண், தன் வாழ்வின் முதற் பெரிய விண்ணப்பத்தைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு ஓரமாய் நின்றாள் என்பதே நம் நெஞ்சை உறுத்துகின்றது.

பள்ளியில் கணினிப் பாடம் இல்லையோ எனின், உண்டு. 2018ஆம் ஆண்டு தொடங்கி நம் மாநிலத்தில் வெளிவந்த புதிய பாடநூல்களில், எட்டாம் வகுப்பு அறிவியலில் லிப்ரே ஆபீஸ் கால்க் என்னும் கணக்கேட்டுச் செயலியும், ஒன்பதாம் வகுப்பில் இம்ப்ரெஸும், பத்தாம் வகுப்பில் ஸ்கிராட்ச் என்னும் நிரல் விளையாட்டும் இடம்பெற்றன. மேல்நிலையில் அப்பிரிவை எடுத்தோர்க்கு சி பிளஸ் பிளஸ், பைதான் ஆகியவையும் உண்டு. 2019ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 6,000 அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கும் வேலை தொடங்கிற்று. உயர்நிலைப் பள்ளிக்குப் பத்துக் கணினி, மேல்நிலைப் பள்ளிக்கு இருபது என்பது திட்டம். குறை சொல்லத்தக்க ஏற்பாடன்று. ஆனால் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் பத்துக் கணினி எனின் ஒன்றுக்கு நால்வர். ஒருவன் மவுஸைப் பிடிப்பான், மூவர் பார்த்திருப்பர். பிடிப்பவன் யாவன்? வீட்டில் முன்னமே கணினி உடையவன். பார்த்திருப்போர் யாவர்? பெரும்பாலும் பெண்பிள்ளைகள்.

மடிக்கணினி வழங்கிய வரலாறும் இதனையே காட்டும். 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் பள்ளி, கல்லூரி மாணவரைச் சேர்ந்தன. உழவர் வீட்டிலும் தறிக்காரர் வீட்டிலும் கணினி நுழைந்தது அதனாலேதான், அந்நன்றியை மறத்தலாகாது. எனினும் கருவி பெரும்பாலும் பள்ளிப் படிப்பின் இறுதியிலேதான் கைக்கு வந்தது. பழக்கம் முன்னும் கருவி பின்னுமாக வந்திருப்பின் பயன் பன்மடங்காகியிருக்கும். பல வீடுகளில் அது திரைப்படம் பார்க்கும் பெட்டியாகவே காலங் கழித்ததை நாம் கண்டோம்.

இங்கே அமர்ந்துள்ள பெரியோர்க்குத் தட்டச்சு நிலையங்கள் நினைவிருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் சென்று, விரலுக்கு விரல் எழுத்தைப் பழகி, லோயர், ஹையர் என்று தேறி உத்தியோகம் பெற்றனர். தட்டச்சு இயந்திரத்தின் பாகங்கள் யாவையென்று மனப்பாடம் செய்து எவரும் வேலைக்குச் செல்லவில்லை. கணினியும் அத்தகையதே. தறியோட்டக் கற்பவனை நூல் படிக்கச் சொல்லுவார் உண்டோ? நாம் மட்டும் மையச் செயலகம் யாது, நினைவகம் எத்தனை வகைப்படும் என்று பிள்ளைகளைக் கேட்டு மதிப்பெண் இடுகின்றோம்.

தறி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. சென்னிமலைப் போர்வைத் தறிகளில் துளையிட்ட ஜக்கார்டு அட்டைகளைக் கண்டிருப்பீர். ஜக்கார்டு என்னும் பிரெஞ்சுக்காரர் 1804ஆம் ஆண்டில் அமைத்த முறை அது. துளை உள்ள இடத்தில் பாவு நூல் எழும்பும். இல்லாத இடத்தில் கிடக்கும். அந்த அட்டையையே இங்கிலாந்தில் பாபேஜ் என்பார் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்குக் கைக்கொண்டார். ஆதலின் நம் பிள்ளைகள் இவ்வித்தையை அயலாருடையதென்று அஞ்ச வேண்டுவதில்லை.

இனி, எதைக் கற்பிப்பது? முதலாவது தமிழில் தட்டச்சு. கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் ‘அம்மா’ என்று அடிப்பதில் நம் சிறார் சூரர். தமிழ் விசைப்பலகை காட்டினால் திகைக்கின்றனர். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி அரசு ஏற்ற தமிழ்99 முறையோ மிக எளிது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ‘க’ அடித்து ‘இ’ அடித்தால் ‘கி’. ‘க’வை இருமுறை அடித்தால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே வந்து ‘க்க’ ஆகும். நாள் அரை மணி பழகினால் இரண்டொரு மாதத்தில் கை படியும்.

இரண்டாவது கணக்கேடு. நம் ஊர்ப் பிள்ளைக்குக் கற்பிப்பதாயின் எங்கோ உள்ள கடையின் விற்பனைப் பட்டியல் எதற்கு? வீட்டுத் தறியை எடுத்துக்கொள்க. ஜவுளி உற்பத்தியாளர் தந்த பாவு எத்தனை, ஊடை நூல் எத்தனை கிலோ, திருப்பித் தந்த துணி எத்தனை மீட்டர், மீட்டருக்குக் கூலி என்ன, முன்பணம் கழித்து நிற்பது எவ்வளவு? இவ்வைந்தையும் கட்டங்களில் இட்டுக் கூட்டவும் கழிக்கவும் கற்ற சிறுமி, சனிக்கிழமைச் சீட்டிலுள்ள தொகை சரியா என்று தந்தைக்குச் சொல்லிவிடுவாள். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்ற கொப்பரையின் எடையையும் விலையையும் அவ்வாறே எழுதலாம். 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. வந்தபின் கணக்கு எழுதத் தெரிந்தவர்க்கு இப்பகுதியில் உள்ள தேவையை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவது, தனக்கென ஒரு மின்னஞ்சல். பிறரிடம் சொல்லாத கடவுச்சொல். விண்ணப்பத்தைத் தானே நிரப்புதல். முன்சொன்ன பெண்ணுக்கு இது ஒன்று தெரிந்திருப்பின் போதும்.

கைப்பேசி இருக்கக் கணினி எதற்கு என்பார் உளர். கைப்பேசி பார்ப்பதற்கு ஏற்றது, உருவாக்குதற்கு ஏற்றதன்று. பெண்பிள்ளைக்கு இஃதெல்லாம் கெடுதி என்பாரும் உளர். அவர்கள் அப்பிள்ளையைக் கடைக்கு அனுப்பி, அவள் கைப்பேசி எண்ணையும் ஆதார் எண்ணையும் அயலார் குறிப்பேட்டில் எழுதவைக்கின்றனரே, அது கெடுதியாகத் தோன்றவில்லை போலும்!

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2001ஆம் ஆண்டு ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டம் தொடங்கிற்று. பின்னர் அது 2017இல் கைட் என்னும் நிறுவனமாயிற்று. அங்கே பள்ளியில் உள்ள பாட ஆசிரியர்களுக்கே பயிற்சி தந்தனர்; விலையில்லாத கட்டற்ற மென்பொருளைக் கைக்கொண்டனர்; பத்தாம் வகுப்புக்குக் கணினியில் செய்முறைத் தேர்வும் வைத்தனர். இவற்றுள் கடைசியதே உயிர்நிலை. கையால் செய்து காட்ட வேண்டுமாயின் பிள்ளை கையால் பழகியே தீரும்.

நம் சங்கம் செய்யத்தக்கது சிறிதே. பரிசளிப்பு விழாவில் பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஆகும் செலவை ஓராண்டு நிறுத்தினாலும் போதும் என்பது நம் கருத்து. சிலர் முகம் சுளிப்பது தெரிகின்றது. மண்டபத்தின் பின்னறை வாரத்தில் ஐந்து நாள் வெறுமனே கிடக்கின்றது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தமையால், நம்மவர் ஆலை அலுவலகங்களில் பல கணினிகள் மூலையில் ஒதுங்கியுள்ளன. அவற்றில் லினக்ஸ் ஏற்றினால் இப்பயிற்சிக்குத் தாராளமாய்ப் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு கணினி என்பதே விதியாகட்டும். ஆறு கணினி இருப்பின் ஒரு வேளைக்கு அறுவர் வரட்டும், ஏழாமவர் அடுத்த வேளை. பெண்பிள்ளைகட்குக் காலை வேளையும், கற்பிக்க ஒரு பெண் ஆசிரியரும் வேண்டும். நம் குலத்துப் பிள்ளைகட்கு மட்டுமோ என்று செயலாளர் நேற்றுக் கேட்டார். அதே தெருவில், அதே பள்ளியில், அதே பெஞ்சில் உட்காரும் பிள்ளையை வாசலில் நிறுத்தி இன்ன குலமா என்று கேட்க நம்மால் இயலாது என்றோம்.

கணினி தர விழைவோர் இன்று மாலைக்குள் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகின்றோம். திரை பழுதாயினும் தருக, பார்த்துக்கொள்ளலாம். விசைப்பலகை மட்டும் நல்லதாக இருத்தல் வேண்டும்.