பள்ளிக்கூடம் கேட்கும் பரிசோதனைச் சீட்டும் பெற்றோர் கைச்செலவும்

(பாலக்கரைப் பகுதிப் பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



நம் வீட்டுப் பணத்தைச் சத்தமில்லாமல் தின்னுகிற ஒரு விஷயத்தைப் பற்றி இன்றைக்குப் பேசுவோம். குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனால், “ரத்தம் பரிசோதித்த சீட்டு எங்கே?” என்று வாசலிலேயே கேட்கிறார்கள். குழந்தை திரும்பி வந்துவிடுகிறது. இது சில பள்ளிகளில் நடக்கிற சங்கதி. எல்லாப் பள்ளிகளையும் சொல்லவில்லை.

அந்தச் சீட்டின் விலை என்ன? ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற தகப்பனார் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை, 700 ரூபாய் கூலி போச்சு. ஆட்டோவுக்கு 150. டாக்டருக்கு 200. ரத்தப் பரிசோதனைக்கு 600. ஆக 1,650 ரூபாய். வீட்டில் இரண்டாவது பிள்ளைக்கும் அதே காய்ச்சல் என்றால் இன்னொரு 800 சேர்ந்து 2,450 ஆகிவிடும். காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரையின் விலையோ பத்து இருபது ரூபாய்தான்! நோயைவிட நோய் இல்லை என்று நிரூபிப்பதற்குத்தான் அதிகச் செலவு.

கொரோனா காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். 2020 மார்ச்சில் தனியார் ஆய்வுக்கூடங்களில் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனைக்கு மத்திய அரசு வைத்த உச்சவரம்பு 4,500 ரூபாய். அந்த ஆண்டு ஜூனில் தமிழ்நாட்டில் அது 3,000 ரூபாயாகக் குறைந்தது. 2021 மே மாதத்தில் 900 ரூபாய்க்கு வந்தது. 900 என்பது குறைவுதானே என்று தோன்றும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அது 2,700 ரூபாய். பள்ளிகளும் ஒரே நாளில் திறக்கவில்லை. 2021 ஜனவரி 19-இல் 10, 12-ஆம் வகுப்புகள், செப்டம்பர் 1-இல் 9 முதல் 12 வரை, நவம்பர் 1-இல் 1 முதல் 8 வரை என்று படிப்படியாகத்தான் திறந்தன. ஒவ்வொரு முறையும் பெற்றோர் மனதில் இருந்த கேள்வி ஒன்றுதான்: “சோதனை பண்ணச் சொன்னால் பணத்துக்கு எங்கே போவது?”

இங்கிலாந்திலும் 2021 மார்ச்சில் பள்ளிகள் திறந்தபோது உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இருமுறை சோதனை வைத்தார்கள். ஆனால் சோதனைப் பெட்டியை அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தது. ஊர் நன்மைக்கென்று ஒரு சோதனை வேண்டுமென்றால் அதன் செலவை ஊர்தான் ஏற்கவேண்டும். ஒரு தாயின் சுருக்குப்பையில் கை வைப்பது நியாயமில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். குழந்தை மறுபடி பள்ளிக்கு வருவதற்குப் பரிசோதனை உண்மையிலேயே தேவையா? பெரும்பாலான நோய்களுக்குத் தேவையில்லை. நாளையும் அறிகுறியையும் கணக்குப் பார்த்தாலே போதும்.

சின்னம்மை: கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வீட்டில் இருக்கட்டும். நம் வீடுகளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளைக் கணக்கு வைப்பது வழக்கம். வழக்கம் இருக்கட்டும், பொருக்கையும் பாருங்கள். ரத்தப் பரிசோதனை வேண்டாம்.

தட்டம்மை: தடிப்பு தோன்றிய நாளிலிருந்து 4 நாள்.

பொன்னுக்கு வீங்கி: வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள்.

சளிக் காய்ச்சல்: மாத்திரை கொடுக்காமலேயே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பலாம்.

டெங்கு: இது ஏடிஸ் கொசுவால் பரவுவது. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தொற்றாது. அப்படியிருக்க, “டெங்கு இல்லை என்று சீட்டு கொண்டு வா” என்பதில் என்ன பொருள்? வகுப்பறையில் தண்ணீர் தேங்கும் தொட்டியை மூடினால் அதுதான் பாதுகாப்பு. நோயைக் கண்டுபிடிக்க டாக்டர் சோதனை எழுதினால் அது வேறு விஷயம். அதைக் கட்டாயம் செய்யவேண்டும்.

கொரோனாவிலும் இதே பாடம்தான். நோய் தீர்ந்த பிறகும் சிலருக்குப் பல வாரம் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையில் “உண்டு” என்றே காட்டும். அதனால்தான் 2020 மே 8-இல் மத்திய சுகாதார அமைச்சகம் விதியை மாற்றியது. லேசான நோயாளி 10 நாள் கழிந்து, 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால், மறு பரிசோதனை இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம் என்றது. மருத்துவமனைக்கே வேண்டாத சீட்டு பள்ளிக்கூடத்துக்கு எதற்கு?

டைபாய்டுக்கு எடுக்கும் விடால் சோதனையும் அப்படித்தான். எப்போதோ வந்துபோன காய்ச்சலையோ போட்ட தடுப்பூசியையோ வைத்துக்கூட அது தவறாகக் காட்டும். ஒரு சீட்டை நம்பி மருந்து, மறுபடி சோதனை, மறுபடி செலவு என்று இழுத்துக்கொண்டே போகும்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒருவனுக்கு நோய் என்றால் பயம் வரத்தான் செய்யும். ஆனால் சீட்டு கேட்பதால் நோய் குறையாது. செலவுக்குப் பயந்த தாய் என்ன செய்வாள்? காலையில் ஒரு பாராசிட்டமால் கொடுத்து, “காய்ச்சல்னு யார்கிட்டயும் சொல்லாதே கண்ணு” என்று அனுப்பிவிடுவாள். மத்தியானம் மருந்தின் வேகம் தீர்ந்ததும் குழந்தை மேசையில் சாய்ந்துவிடும். அதற்குள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பரவியிருக்கும். நோயைத் தடுக்கப் போட்ட விதியே நோயை மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது. இன்ன நோய்க்கு இத்தனை நாள் வீட்டில் இருக்கவேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டுங்கள். அந்த நாட்களின் பாடத்தைத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள். பெற்றோர் தாமே உண்மையைச் சொல்வார்கள்.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தையும் நினைவில் வைக்கவேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 14 வயதுவரை படிக்கும் குழந்தையின் படிப்புக்குத் தடையாக எந்தக் கட்டணமோ செலவோ வைக்கக்கூடாது என்பது அதன் கருத்து.

தாய்மார்களே, நீங்கள் செய்யவேண்டியது இது.

பள்ளியில் சீட்டு கேட்டால் கோபப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நோய்க்காகக் கேட்கிறீர்கள்? டாக்டர் பார்த்து எழுதிய சான்று போதுமா? சோதனைதான் வேண்டுமென்றால் அரசு நிலையத்தில் எடுத்தது போதுமா?

அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் போங்கள். அங்கிருந்து மேல் சிகிச்சைக்கு அனுப்பினால் புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு என்றால் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் வருஷத்துக்கு ஒரு முறையும், அங்கன்வாடியில் இரண்டு முறையும் மருத்துவக் குழு வந்து பார்க்கும். இது 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டம். பிறவிக் குறை, கண்பார்வை, ரத்தசோகை எல்லாம் அதில் பார்ப்பார்கள். அந்த நாளன்று பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சீட்டுக்காகச் செலவு வேண்டாம் என்றேனே தவிர, டாக்டரிடமே போகவேண்டாம் என்று சொல்லவில்லை. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், குழந்தை தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலும், ஓயாத வாந்தி, கடுமையான வயிற்றுவலி, எழுப்ப முடியாத மயக்கம், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் என்று எது கண்டாலும் ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். “காய்ச்சல் விட்டிருச்சு” என்று அன்றைக்கே பள்ளிக்கு விரட்டாதீர்கள்.

மிச்சமாகிற ஆயிரம் ரூபாயில் பிள்ளைக்கு முட்டையும் கீரையும் பயறும் வாங்கிக் கொடுங்கள். நோய் வந்து எழுந்த உடம்புக்கு அதுதான் வேண்டும். சந்தேகம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் தயங்காமல் வந்து கேளுங்கள்.