கண் போன இடத்துக்குக் கை போகுமா?

தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரக் கைகளைப் பற்றியும் மெய்நிகர் உலகின் எல்லை பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தென்காசியில் பேசுவதால் அருவியிலிருந்தே தொடங்குகிறேன்.

குற்றாலத்து ஐந்தருவியைச் சாரல் காலத்தில் படமெடுத்து, சென்னையில் ஒருவர் கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு பார்க்கலாம். தண்ணீர் கொட்டும், இரைச்சல் கேட்கும், அண்ணாந்தால் பாறை தெரியும். தோளில் மட்டும் அடி விழாது. குற்றாலத்துக்குப் பார்க்கவா வருகிறார்கள்? குளிக்க அல்லவா வருகிறார்கள்!

மெய்நிகர் உலகின் எல்லை எது என்று காட்ட, 1994இல் ஆய்வாளர்கள் மில்கிராமும் கிஷினோவும் ஒரு கோடு போட்டார்கள். ஒரு முனையில் நிஜம், மறுமுனையில் கணினியே படைத்த உலகம், நடுவில் இரண்டும் கலந்தவை. அவர்கள் வகைப்படுத்தியது கண்ணுக்கான காட்சிகளை. தோலை யாரும் கேட்கவில்லை.

தொலைவிலிருந்து இயக்கும் கைகளிலும் இதே குறைதான். 2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கில் உட்கார்ந்து இயந்திரக் கைகளை இயக்கி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் படுத்திருந்த 68 வயதுப் பெண்மணியின் பித்தப்பையை அகற்றினார் மருத்துவர் மரெஸ்கோ. கை அசைவு கடல் தாண்டிப் போய்ப் படமாகத் திரும்ப ஏறத்தாழ 155 மில்லிவிநாடி. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், அதற்குமேல் விரட்ட முடியாது. படத்தைச் சுருக்கி விரிப்பதிலும் நேரம் போகிறது. அதையாவது சமாளிக்கலாம். தையல் நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்று விரலுக்குத் தெரியாதது பெரிய குறை. சதை எப்படி இழுபடுகிறது என்று பார்த்துத்தான் அறுவை மருத்துவர்கள் அழுத்தத்தைக் கணித்துவந்தார்கள். விசையைக் கைக்குத் திருப்பித் தரும் டாவின்சி 5 கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2024இல்தான்.

இனி மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்கு. 2015இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் மூச்சு முட்டி இறந்தார்கள். அது உறுத்தியதில் கேரளத்து இளம் பொறியாளர்கள் செய்த இயந்திரம் 'பேண்டிகூட்', அதாவது பெருச்சாளி. 2018இல் திருவனந்தபுரத்தில் வேலையைத் தொடங்கியது. இங்கே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ, 2022இல் அந்தப் பொறியாளர்களின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தில் 20 கோடி ரூபாய் முதலீடு செய்தது. இயந்திரம் குழிக்குள் கை நீட்டிக் கசடை அள்ளுகிறது. மனிதர் மேலே நின்று திரையைப் பார்த்து இயக்குகிறார்.

அறுவை மேசையில் இழப்பாக இருந்த அதே தொடாமை இங்கே விடுதலை. நாற்றமும் நச்சுக் காற்றும் இயக்குபவரிடம் வந்து சேராதவரை நல்லது. எனவே 'நிஜம் போலவே' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம், யாருடைய நிஜம் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. முன்பு குழிக்குள் இறங்கியவர்களில் சிலர் இன்று இந்த இயந்திரத்தின் இயக்குநர்கள். திரையில் மங்கலாகத் தெரியும் அடைப்பு, கல்லா சேறா என்று அவர்கள் கால் அறிந்திருக்கும். அடுத்த தலைமுறை இயக்குநர் ஒருமுறைகூட இறங்கியிருக்க மாட்டார், இறங்கவும் கூடாது. அந்தக் கால் அறிந்ததை அவருக்கு எதைக் கொண்டு கற்பிப்பது?