பூனைக்குச் சுகர்: அளப்பது நாம், மாற்றுவது மருத்துவர்

(நமது இணைய இதழின் காணொலி உரை வரிசையில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"பூனைக்குக்கூடவா சுகர் வரும்?" எங்கள் வீட்டுச் சொக்கனுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்று பக்கத்து வீட்டு அத்தை கேட்ட முதல் கேள்வி இதுதான். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். ஆனால் வரும். நடுத்தர வயதைத் தாண்டிய பூனை, உடம்பு பருத்த பூனை, கருத்தடை செய்த ஆண் பூனை, வேறு நோய்க்காக ஸ்டீராய்டு மருந்து எடுத்த பூனை, இவற்றுக்கெல்லாம் வாய்ப்பு அதிகம். சொக்கனுக்கு 11 வயது, கருத்தடை செய்த ஆண், 6 கிலோவைத் தாண்டிய உடம்பு. பட்டியலில் பாதிக்கு மேல் அவனுக்குப் பொருந்தும்.

முதலில் அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். மண் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாக இருக்கும். நன்றாகச் சாப்பிடும், ஆனாலும் இளைத்துக்கொண்டே போகும். சில பூனைகள் பின்னங்கால் குதிகாலைத் தரையில் ஊன்றி, பதுங்கி நடப்பதுபோல நடக்கும். நாங்கள் அதை "வயசாயிடுச்சு" என்று நினைத்து ஒரு மாதம் விட்டுவிட்டோம். நீங்கள் விடாதீங்க. அந்த நடையை கைபேசியில் அரை நிமிடம் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனை மேசையில் ஏறியதும் பூனை நடக்கவே நடக்காது, சுருண்டு உட்கார்ந்துவிடும்.

வீட்டில் ஏன் அளக்க வேண்டும்?

பூனைக்குப் பயம் வந்தாலே ரத்தச் சர்க்கரை ஏறிவிடும். கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய் குரைக்கும் இடத்தில் காத்திருக்க வைத்து எடுத்த அளவு, நோய் இல்லாத பூனைக்கே அதிகமாகக் காட்டலாம். அதனால்தான் நோயை உறுதி செய்ய மருத்துவர்கள் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்புவதில்லை. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடந்த ஓரிரு வாரச் சர்க்கரை நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனையும் எழுதுவார்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு, தன் வீட்டில், தன் பாயில் படுத்திருக்கும் பூனையிடம் எடுத்த அளவுதான் நம்பத்தக்கது. அதை எடுக்க நம்மை விட்டால் ஆள் இல்லை.

அளக்கும் முறையை முதல் தடவை மருத்துவரிடமே செய்து காட்டச் சொல்லி, அவர் அனுமதித்தால் அதையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கம் இதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காது மடலில் சிறிது நேரம் வைத்தால் ரத்த ஓட்டம் வரும். பிறகு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். காது ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய நரம்பு ஓடும். அந்த நரம்புக்கும் காதின் விளிம்புக்கும் நடுவில் புது லான்செட்டால் ஒரு குத்து. காதுக்குப் பின்னால் பஞ்சு வைத்துப் பிடித்தால் உங்கள் விரலில் ஏறாது. வரும் சின்னச் சொட்டில் ஸ்ட்ரிப் நுனியைத் தொட்டால் போதும். அப்புறம் பஞ்சால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி கொடுங்கள். அந்தக் கறிக்காகவே இப்போது சொக்கன் மீட்டர் பெட்டியைப் பார்த்ததும் வந்து உட்காருகிறான்.

மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரில் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். விலங்குகளுக்கென்றே அளவீடு செய்த மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் எந்த மீட்டர் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, எப்போதும் அதே மீட்டரில் பாருங்கள். ஒரு நாள் ஒன்று, மறுநாள் பக்கத்து வீட்டு மீட்டர் என்று மாற்றினால் கணக்கு குழம்பிவிடும். தோலில் ஒட்டி, கைபேசியால் ஸ்கேன் செய்யும் சென்சார்களையும் சில மருத்துவர்கள் பூனைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

எண்ணைப் பார்த்துப் பதறாதீங்க

நோயில்லாத பூனைக்கு, பதற்றம் இல்லாத நேரத்தில், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 80 முதல் 120 மில்லிகிராம் சர்க்கரை இருக்கும். இன்சுலின் போடும் பூனைக்கு அந்த இலக்கு வேண்டியதில்லை. நாளின் பெரும்பகுதி 80க்குக் கீழே இறங்காமல், 300ஐத் தாண்டாமல் இருந்தால் பல மருத்துவர்கள் திருப்தி அடைவார்கள். உங்கள் பூனைக்கான எல்லையை உங்கள் மருத்துவர் சொல்வார். அதை ஒரு தாளில் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

இன்றைய உரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: அளப்பது நம் வேலை. இன்சுலின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. காலையில் 380 என்று பார்த்ததும் "இன்னும் ஒரு யூனிட் சேர்த்துப் போடுவோமா" என்று கை துறுதுறுக்கும். போடாதீங்க. காலை அளவு என்பது ஒரு நாளின் ஒரு நேரம் மட்டும்தான். ஊசி போட்ட சில மணி நேரம் கழித்து அது எவ்வளவு தாழ இறங்கியது என்று தெரியாமல் கூட்டினால் ஆபத்து. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மருத்துவர் சில நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அடுத்த ஊசி வரை அளந்து குறிக்கச் சொல்வார். சர்க்கரை சில நாட்கள் கொஞ்சம் அதிகமாக இருந்தால் சரிசெய்ய அவகாசம் உண்டு. தாழ்ந்துபோனால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

எங்கள் வீட்டில் நடந்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். சொக்கனுக்கு மருத்துவர் எழுதியது கிளார்ஜின் இன்சுலின். ஒரு மில்லியில் 100 யூனிட் கொண்டது. வேளைக்கு ஒரு யூனிட், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஒரு நாள் சிரிஞ்ச் தீர்ந்துபோய், அப்பா மெடிக்கல் ஷாப்பில் "இன்சுலின் சிரிஞ்ச்" என்று கேட்டு வாங்கி வந்தார். நானும் வழக்கம்போல ஒரு யூனிட் கோடு வரை மருந்தை எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாதான் கேட்டார்: "ஏன்டி, மூடி கலர் மாறியிருக்கே?"

வழக்கமாக ஆரஞ்சு மூடி. அன்று சிவப்பு.

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவில் பரவலாகக் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு மூடி என்பது வழக்கம். 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் ஒரு கோடு எடுத்தால் உள்ளே போவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். நான்கைந்து கிலோ எடையுள்ள ஒரு ஜீவனுக்கு அது சின்ன வித்தியாசம் இல்லை. அம்மா கேட்டிருக்காவிட்டால் அன்றிரவு என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பகீரென்கிறது. பாட்டில் லேபிளில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அந்தப் படத்தைக் காட்டி வாங்குங்கள்.

இன்னொரு தவறு பல வீடுகளில் நடக்கக்கூடியது. காலையில் அப்பா ஊசி போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார். தெரியாமல் மகள் மறுபடி போடுவாள். இதற்கு கைபேசிதான் மருந்து. 12 மணி நேர இடைவெளியில் இரண்டு அலாரம் வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மீட்டர் திரையின் படம், போட்ட யூனிட், "போட்டாச்சு" என்ற ஒரு வார்த்தை. அவ்வளவு போதும். நேரமும் தானாகப் பதிவாகிவிடும். மருத்துவரிடம் காட்ட அதுவே பதிவேடு. ஊசி உள்ளே போனதா, முடியில் வழிந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீங்க. ஒரு வேளை விட்டுப்போவதைவிட இரண்டு முறை போடுவதுதான் பெரிய ஆபத்து.

பூனை சாப்பிட மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ஊசிக்கு முந்தைய அளவு மருத்துவர் சொன்ன எல்லைக்குக் கீழே இருந்தாலோ, முதலில் மருத்துவருக்குப் போன், அப்புறம்தான் ஊசி. சாப்பிடாமல், சோர்ந்து, வாந்தியும் எடுக்கிறது என்றால் ரத்தத்தில் கீட்டோன் சேர்ந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது.

சர்க்கரை தாழ்ந்துவிட்டால்

60க்குக் கீழே என்றால் அவசரம். தள்ளாடுதல், திடீர்ப் பசி, துவண்டு படுத்தல், உடம்பு நடுக்கம், வலிப்பு இவையெல்லாம் அறிகுறிகள். இவை தெரிந்தால் மீட்டரைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். விழிப்பாக இருந்தால் உடனே அதன் வழக்கமான உணவைக் கொடுங்கள். சாப்பிட முடியாத நிலை என்றால் தேனோ, கெட்டியான சர்க்கரைக் கரைசலோ, குளுக்கோஸ் பொடியைக் குழைத்தோ ஈறில் தடவுங்கள். மயங்கிய பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீங்க, மூச்சுக்குழாயில் போய்விடும். வலிப்பு வரும்போது பல்லுக்கு நடுவில் விரலை விடாதீங்க. தெளிந்து எழுந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். போட்ட இன்சுலின் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், சர்க்கரை மறுபடி இறங்கலாம்.

இதற்காக இன்றே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. இரவு நேரத்தில் பூனையைப் பார்க்கும் மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று கேட்டு, எண்ணையும் இடத்தையும் கைபேசியில் சேமித்து வையுங்கள். அரசு கால்நடை மருத்துவமனைகளில் எந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள் என்று நேரில் ஒருமுறை விசாரியுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கால்நடை அவசர உதவிக்கான 1962 எண்ணையும் சேமியுங்கள். ஆனால் அந்தச் சேவை பெரும்பாலும் ஆடு மாடுகளை மனத்தில் வைத்து இயங்குவது. உங்கள் பகுதியில் பூனைக்கு என்ன உதவி கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

தட்டில் என்ன இருக்கிறது?

பால் சோறு, தயிர் சாதம், டீயில் நனைத்த பிஸ்கட். நம் வீட்டுப் பூனைகள் இதில்தான் வளர்கின்றன. ஆனால் பூனை அடிப்படையில் இறைச்சி உண்ணும் விலங்கு. சர்க்கரை நோய் வந்த பூனைக்கு மாவுச்சத்து குறைந்த, புரதம் நிறைந்த உணவுதான் ஏற்றது. ஈரமான டின் உணவில் பொதுவாக மாவுச்சத்து குறைவு. வெறும் மீனையும் கறியையும் மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் வேறு சத்துகள் குறையும் என்பதால் உணவுத் திட்டத்தை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். இன்னொன்று, சோற்றை நிறுத்தினால் இன்சுலின் தேவையும் குறையும். மருத்துவரிடம் சொல்லாமல் உணவை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய அளவிலேயே ஊசி போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். பாட்டியின் சுகர் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வேலையும் வேண்டாம்.

இன்சுலினை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். ஃபிரீசரில் வைத்து உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்திய ஊசியைக் குப்பைப் பையில் அப்படியே போடாதீங்க. தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, "ஊசி" என்று எழுதி, மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் மக்கும், மக்காத குப்பையோடு கலக்காமல், வீட்டு அபாயக் கழிவு என்று பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். நம் பூனையைக் காப்பாற்றும் ஊசி இன்னொருவர் கையைப் பதம் பார்க்கக் கூடாது இல்லையா?

சீக்கிரம் கண்டுபிடித்து, உணவும் இன்சுலினும் சரியாக அமைந்தால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலை வருவதுண்டு. அப்படி வந்த பிறகும் நோய் திரும்பலாம் என்பதால் அளப்பதை விடக் கூடாது. சொக்கனுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. தினமும் காலை ஏழு மணி, மாலை ஏழு மணி ஊசிதான். ஆனால் பின்னங்கால் நடை நேராகிவிட்டது, மறுபடி ஜன்னல் திண்டில் தாவி ஏறுகிறான். அதைப் பார்க்கும்போது இந்தச் சிரமமெல்லாம் பெரிதாகத் தெரிவதில்லை.

உங்கள் வீட்டுப் பூனையின் தண்ணீர்க் கிண்ணம் இந்த வாரம் வழக்கத்தைவிட சீக்கிரம் காலியாகிறதா என்று பாருங்கள். காலியானால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.