மாடத்தில் நிற்கும் உழவர்



நம் வீடுகளில் காலண்டர் தொங்குகிறது. அதில் யார் படம் இருக்கிறது? சாமி படம் இருக்கும். தலைவர் படம் இருக்கும். சினிமா நடிகர் படம் இருக்கும். ஏர் ஓட்டுகிறவர் படம் இருக்கிறதா? நெல் குத்துகிற அம்மாவின் படம் இருக்கிறதா? நம்மைப் படமாகப் போட என்ன இருக்கிறது என்று நாமே நினைக்கிறோம்.

அப்படி நினைக்காத ஓவியர்கள் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றிப் பார்ப்போம்.

முதலாமவர் நெதர்லாந்து நாட்டுக்காரர். அந்த நாட்டு மக்களை டச்சுக்காரர்கள் என்போம். நம் பக்கம் துணி வாங்க வந்து, பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டியவர்கள் அவர்கள்தான். வியாபாரத்தால் அந்த நாட்டில் பணம் சேர்ந்தது. நகரத்துக் குடும்பங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப் படங்கள் வாங்கின. மாடு மேயும் வயல், காற்றாலை, பால் கறக்கும் பெண் என்று ஓவியர்கள் வரைந்தார்கள்.

அவர்களில் ஒருவர் பாலஸ் பாட்டர். 1647இல் அவர் ஓர் இளங்காளையை வரைந்தார். படத்தின் உயரம் சுமார் 8 அடி. அகலம் சுமார் 11 அடி. அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய படம் பெரும்பாலும் ராஜாக்கள், சாமி கதைகள் போன்றவற்றுக்குத்தான். பாட்டர் அந்த இடத்தைக் காளைக்குக் கொடுத்தார். காளையைச் சுற்றிப் பறக்கும் ஈக்களையும் விடவில்லை. மரத்தடியில் விவசாயி நிற்கிறார். இன்றும் அந்தப் படத்தை ஹேக் நகரத்தில் பார்க்கலாம்.

இரண்டாமவர் நம் நாட்டுக்காரர். பெயர் நந்தலால் போஸ். சாந்திநிகேதனில் ஓவிய ஆசிரியராக இருந்தார். 1938இல் குஜராத்தில் ஹரிபுரா என்ற கிராமத்தில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. மாநாட்டுப் பந்தலைப் படங்களால் அலங்கரிக்கும்படி காந்தியடிகள் அவரைக் கேட்டார். கிராமத்து ஜனங்கள் பார்க்க வேண்டும், செலவும் குறைவாக இருக்க வேண்டும் என்பது காந்தியின் விருப்பம்.

நந்தலால் மண்ணிலும் கல்லிலும் கிடைக்கும் நிறங்களை எடுத்தார். எண்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். மாணவர்கள் அவற்றைப் பார்த்து மேலும் வரைந்தார்கள். ஏர் ஓட்டுகிறவர், நெல் குத்தும் பெண், பஞ்சு கொட்டுகிறவர், செருப்பு தைப்பவர், மேளம் அடிப்பவர் என்று எல்லோரும் அவற்றில் இருந்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பல படங்களில் ஆளைச் சுற்றி ஒரு வளைவு வரைந்திருந்தார். கோயில் சுவரில் சாமி நிற்கும் மாடம் போன்றது அது. அந்த மாடத்தில் உழவர் நின்றார்.

டச்சுப் படங்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் தொங்கின. நந்தலாலின் படங்கள் மாநாட்டு வாசலில் தொங்கின. உழுகிறவரே வந்து, உழுகிறவர் படத்தைப் பார்த்தார். அதைப் பார்க்க எழுத்து தெரிய வேண்டியதில்லை.

இது நமக்கு எதற்கு? நம் குடுபல்லிப் பக்கம் ஓர் அம்மாவிடம், "என்ன வேலை செய்கிறீங்க?" என்று கேளுங்கள். "ஒண்ணும் இல்லே, சும்மா வீட்டிலேதான் இருக்கேன்" என்பார். விடியும் முன் அவர் மாட்டில் பால் கறந்திருப்பார். பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை போட்டிருப்பார். பகலில் நிலக்கடலைக்குக் களை எடுத்திருப்பார். இதுவா சும்மா?

நம் வேலையை நாமே மதிக்காவிட்டால், மற்றவர் மதிப்பாரா? கணக்கில் வராத வேலைக்குக் கூலியும் வராது. வீட்டில் நம் சொல்லும் எடுபடாது.

பழைய தமிழில் படம் வரைவதையும் 'எழுதுதல்' என்றே சொன்னார்கள். நீங்கள் இப்போது எழுதப் பழகிய கைகள். ஒரு கரித்துண்டை எடுங்கள். நேற்று செய்த ஒரு வேலையைத் திண்ணைச் சுவரில் வரையுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. சுற்றி ஒரு மாடம் போடுங்கள். அடியில் உங்கள் பெயரை எழுதுங்கள்.