முழங்காலும் மகளிரும்



யாம் மருத்துவர் அல்லோம். இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தர். பள்ளியிறுதி வகுப்பே எம் படிப்பின் எல்லை. எனினும், சென்ற ஆண்டு விழாவிற்கு வந்த எம் அன்னையார் இம்மாடிப் படிகளை ஏற இயலாமல் கீழிருந்தே வீடு திரும்பினார். ‘வயதானால் வரும் வலிதானே’ என்று அதுநாள்வரை சொல்லிவந்தவர் யாமே. அந்த நாணமே எம்மைச் சில நூல்களைத் தேடிப் படிக்கச் செய்தது.

முழங்காலில் எலும்புகள் கூடுமிடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. அதில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. ஆதலின், அதில் மட்டும் சிதைவு நேர்ந்தால் தொடக்கத்தில் வலி தோன்றாது. தோற்புண் போல எளிதில் ஆறவும் ஆறாது. அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று இலண்டனில் வில்லியம் ஹண்டர் என்னும் மருத்துவர் 1743-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்.

இத்துன்பம் இருபாலாருக்கும் ஒரே அளவாக வாய்க்கவில்லை. ஐம்பது வயதுக்குமேல் மூட்டுத் தேய்வு மகளிரிடமே மிகுதி. இளம் பெண்களையும் இது விடுவதில்லை. கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு முழங்காலின் உள்நார் அறுவது இரு மடங்குக்கும் மேலாம். அந்நார் அறுந்த மூட்டு பின்னாளில் விரைந்து தேய்கிறது. இடுப்பின் அமைப்பு, தொடைத் தசையின் வலிமை, குதித்து இறங்கும் முறை, ஹார்மோன் எனக் காரணம் பல கூறுவர்.

தேய்ந்ததை மீண்டும் வளர்க்க இயலுமா? 1994-இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள், நோயாளியின் குருத்தெலும்பு உயிரணுக்களையே எடுத்து, வெளியே பெருக்கி, அவர் முழங்காலிலேயே வைத்த செய்தியை வெளியிட்டனர். அன்று சிகிச்சை பெற்ற 23 பேரில் பெரும்பாலோருக்கு நற்பயன் கிட்டியது; சிலருக்குக் கிட்டவில்லை.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகர ஆராய்ச்சியாளர் கண்டது இன்னும் வியப்பு. சுண்டெலிகளின் தசையிலிருந்து மூல உயிரணுக்களை எடுத்து ஆய்ந்தனர். தசையை வளர்ப்பதில் பெண் எலியின் உயிரணு முந்திற்று என 2007-இலும், குருத்தெலும்பை ஆக்குவதில் ஆண் எலியின் உயிரணு முந்திற்று என 2008-இலும் வெளியிட்டனர். ஒரு பாலிடம் கண்டதை மறுபாலுக்கும் அப்படியே பொருத்தலாகாது என்பது இதனால் விளங்கும். ஆயினும், நெடுங்காலம் ஆய்வுக்கூடங்களில் ஆண் விலங்குகளே மிகுதியாகப் பயன்பட்டன. விலங்காய்விலும் ஆண் பெண் வேறுபாட்டைக் கருதவேண்டும் என்று அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் வலியுறுத்தியது 2016-இல்தான்!

ஆய்வாளர் மறந்தது இருக்கட்டும், நாம் மறக்கலாமா? வலியென்று மனையிலுள்ளோர் சொன்னால் காலத்தே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். உடல் எடையைக் குறைத்தலும், தொடைத் தசையை உரப்படுத்தும் பயிற்சியும் நற்பயன் தரும் என்பது தெளிந்த உண்மை.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவைக் கீழ்த்தளத்திலேயே நடத்துங்கள். சமக்காளத்தோடு நாற்காலிகளும் இடுங்கள். கீழே நின்று திரும்பியவர் எம் அன்னையார் ஒருவர்தாமா என்பது அன்று தெரியும்.