பயிற்சி இருக்கட்டும், எந்தக் கடலில்?



கடற்படைக்குச் சோனார் பயிற்சி வேண்டுமா, திமிங்கிலம் பிழைக்க வேண்டுமா என்று இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடுகிறார்கள். அந்தப் பட்டிமன்றத்தில் எனக்கு நாற்காலி வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான்: பயிற்சி எந்த இடத்தில்?

பயிற்சி தேவைதான். பேட்டரியில் ஓடும் நீர்மூழ்கி அரவமே காட்டாது. சோனார் ஒலியை அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துத்தான் அதைப் பிடிக்க வேண்டும். அந்தக் காதுப் பழக்கம் வகுப்பறையில் மட்டும் வந்துவிடாது. கடற்படைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்!

2002 செப்டம்பர். ஸ்பெயினின் கேனரி தீவுகளை ஒட்டிப் பல நாட்டுப் போர்க்கப்பல்கள் ஒத்திகை பார்த்தன. சோனார் முழங்கிச் சுமார் 4 மணி நேரத்தில் அலகுத் திமிங்கிலங்கள் கரையேறத் தொடங்கின. மொத்தம் 14. இறந்தவற்றை அறுத்துப் பார்த்த ஆய்வாளர் அந்தோனியோ ஃபெர்னாந்தெஸ் குழுவினர் கண்டது என்ன? இரத்த நாளங்களில் வாயுக் குமிழிகள். உறுப்புகளில் கொழுப்புத் துணுக்குகள், இரத்தக் கசிவு. சிலிண்டர் கட்டி முக்குளித்தவர் அவசரமாக மேலேறினால் வருமே, அதே மாதிரியான கோளாறு! 1,000 மீட்டருக்கும் கீழே போய் இரை தேடும் பிராணி ஐயா அது. மூச்சுப் பிடித்து ஒரு மணி நேரம்கூட உள்ளே இருக்கும். ஒலிக்கு வெருண்டு, மூழ்கி எழும் ஒழுங்கு குலைந்ததால் இந்த வினை வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஸ்பெயின் கடற்படையைக் கலைத்ததா? இல்லை. 2004இல் அந்தத் தீவுகளைச் சுற்றி 50 கடல் மைலுக்குள் சோனார் கூடாது என்றது, அவ்வளவுதான். அதன்பின் அங்கே அலகுத் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கவில்லை என்று 2013இல் 'நேச்சர்' இதழில் அதே ஃபெர்னாந்தெஸ் குழுவினர் எழுதினார்கள். கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அமெரிக்கா இதே இடத்துக்குச் சுற்றிவளைத்து வந்தது. கலிஃபோர்னியாவில் கடற்படையின் சோனார் பயிற்சியை எதிர்த்த வழக்கில் கீழ் நீதிமன்றம் விதித்த இரண்டு கட்டுப்பாடுகளை 2008இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. வென்ற கடற்படையே 2015இல் வேறொரு வழக்கில், ஹவாய், தெற்குக் கலிஃபோர்னியாவின் சில வாழிடங்களில் சோனாரைக் கட்டுப்படுத்த உடன்பட்டது.

மேல்தளத்தில் ஆள் நிறுத்திக் கண்காணிக்கிறோமே என்பார்கள் கடற்படையினர். சில நிமிடம் மட்டும் மேலே வந்து மூச்செடுத்துப் போகும் விலங்கை எந்தக் கண் பிடிக்கும்? ஒத்திகைக்குத் தேதி குறிக்கும்போதே அலகுத் திமிங்கிலம் மேயும் ஆழ்பள்ளங்களை வரைபடத்தில் குறித்து விலக்கிவிடச் சொல்லுங்கள். எந்த நாட்டுக் கடற்படையானாலும் இதைக் கேளுங்கள்.