பாடச்சுமையும் நேரக்கணக்கும்



புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பெயர்பெற்ற கல்லூரியில் இடம் கிடைப்பதே இறுதி வெற்றியாகக் கொண்டாடப்படுகிறது. உண்மையான உழைப்போ அதன் பின்னரே தொடங்குகிறது. பள்ளியில் முதலிடம் பெற்றோரே நிறைந்த வகுப்பில் அனைவரும் முதலிடம் பெறுதல் இயலாது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்குப் பயில்வது தீயணைப்புக் குழாயில் நீர் அருந்துவதற்கு ஒப்பானது என்பது மாணவரிடையே நெடுநாளைய வழக்கு. 1991-ஆம் ஆண்டில் குறும்புக்கார மாணவர்கள் சிலர் குடிநீர்க் குழாயுடன் தீயணைப்பு நீர்த்தூண் ஒன்றை உண்மையாகவே இணைத்து வைத்தனர்.

அக்கழகம் பாடச்சுமையை மணிக்கணக்கில் அளக்கிறது. ஓர் அலகு என்பது வாரத்திற்கு ஏறத்தாழ ஒரு மணிநேர உழைப்பு. பெரும்பாலான பாடங்கள் 12 அலகுகள் கொண்டவை. நுண்கணிதத்தின் முதற் பாடத்தில் 5 மணிநேரம் வகுப்பிற்கும் 7 மணிநேரம் தனிப் பயிற்சிக்கும் உரியவை. நான்கு பாடங்களுக்கு வாரம் 48 மணிநேரம் ஆகும். ஐந்தாவதைச் சேர்த்தால் 60 ஆகிவிடும். அந்தப் 12 மணிநேரம் பெரும்பாலும் உறக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே பாடங்களைத் தேர்ந்தெடுக்குமுன் மணிக்கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தல் நன்று.

முதற் பருவத்தில் தடுமாறுவது இயல்பு என்பதைக் கழகமே ஏற்றுக்கொண்டுள்ளது. அப்பருவத்தில் தேறிய பாடங்களுக்குத் தேர்ச்சி என்று மட்டுமே குறிக்கப்படும். தேறாத பாடம் வெளியே அனுப்பப்படும் மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாது. குறித்த நாளுக்குள் ஒரு பாடத்தைக் கைவிடவும் வழியுண்டு. பல பாடங்களில் வீட்டுக் கணக்குகளைக் கூடிப் பேசித் தீர்க்கலாம். விடையைத் தாமே எழுதவேண்டும். பேராசிரியரின் சந்திப்பு நேரம் மாணவருக்காகவே ஒதுக்கப்பட்டது. ஐயம் கேட்பதை இழிவாகக் கருதி அறைக்குள் ஒடுங்குபவரே பெரிதும் துன்புறுகின்றனர்.

பெற்றோர் அறியவேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. 1974-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்தபின் கல்விப் பதிவேட்டின் மீதான உரிமை மாணவருடையதாகிறது. மதிப்பெண்கள் பொதுவாக வீட்டிற்கு அனுப்பப்படுவதில்லை. எனவே பிள்ளை தானே சொன்னாலன்றிப் பெற்றோர்க்குத் தெரிய வழி குறைவு. தொலைபேசியில் முதற் கேள்வியே மதிப்பெண்ணாக இருந்தால், குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளை மறைக்கவே முற்படும். மறைத்தது ஒரு பருவம் நீடித்தால், திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் கைநழுவிப் போகும். உறங்கினாயா, உண்டாயா, எப்பாடம் கடினமாக இருக்கிறது, யாரிடம் கேட்டாய் என்று வினவுங்கள். பிள்ளை சுமை மிகுந்துவிட்டது என்று சொன்னால், உறவினர் வீட்டுப் பிள்ளையை ஒப்பிடாமல் செவிமடுங்கள்.

திருவள்ளுவர் வலியறிதலையும் காலமறிதலையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார். தன் வலிமையையும் தன் நேரத்தையும் ஒருசேர அளந்து சுமையை ஏற்பவரே பட்டம் பெறும் நாளில் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் நிற்பார். நம் பிள்ளைகள் அவ்வாறு நிற்கத் துணைபுரிவோம்.